மூன்றாம் கூண்டு

சமாதானம் என்று சொல்லப்பட்ட வருடங்களில்
நெல்லியடிச் சந்தியில் எனக்கொரு கொமியூனிகேசன் இருந்தது.
மூன்று கூண்டு, மூன்று கண்ணாடிக் கதவு,
சிவப்பு இலக்கத்தில் ஓடும் மீற்றர்.
கனடாவுக்கு இத்தனை, நோர்வேக்கு இத்தனை என்று
என் கையெழுத்தில் ஒரு மட்டை.
விலை மாறமாற மேலே துண்டு ஒட்டி
மட்டை ரொட்டிபோலத் தடித்திருந்தது.

சனம் விரைவாய்க் கதைக்கப் பழகியது அங்கேதான்.
"சுகமோ, சுகம், காசு வந்தது, வைக்கிறன்."
பவளராணி அக்கா சொல்லவேண்டியதைச்
சவர்க்காரப் பெட்டியின் உட்புறத்தில் எழுதி வருவா.
கலியாணம். காணி. தகப்பனின் இருமல்.
பேசப்பேசப் பேனையால் வெட்டுவா.
ஐம்பத்தெட்டாம் செக்கனில் வைப்பா.
ஒருநாளும் அறுபத்தொன்றுக்குப் போனதில்லை.

மூன்றாம் கூண்டின் கதவு சரியாகச் சாத்துப்படாது.
அதனால் ஊரின் பாதிக் கதை எனக்குத் தெரியும்.
தெரியாதமாதிரி இருப்பதற்கும் சேர்த்துத்தான்
அந்த விலை.

கேதாரநாதன் அதற்குள்தான் நிற்பார்.
லண்டனில் மகள்.
எடுத்து, "ஓம்" என்பார்.
பிறகு ஒன்றும் இல்லை.
லைன் அறுந்ததாக்கும் என்று கண்ணாடியில் தட்டினேன்.
இல்லை என்று கையைக் காட்டினார்.
ஒன்பது நிமிடம்.
கதைக்காததற்கும் காசு எடுத்தேன்.
மீற்றருக்கு வித்தியாசம் தெரியாது.
எனக்குத் தெரிந்தது. எடுத்தேன்.

பிறகு பாதை பூட்டினார்கள், லைனும் செத்தது.
பாதை திறந்தபோது
ஆளுக்கொரு போன்.
நான் ரீலோட் விற்றேன், சிம் விற்றேன்,
ஸ்கைப் பழக்கினேன்; சனம் பழகி முடிய வைபர்,
வைபர் கைபடிய வாட்ஸ்அப்.
ஒவ்வொரு தரமும் பவளராணி அக்கா
போனை என் மேசையில் குப்புறப் போட்டு
"பிள்ளை, அந்த ஊதா எங்கை போட்டுது?" என்பா.
"இனிப் பச்சை, அக்கா."
"பச்சையும் போகுமோ?"
"போகும்."
"அப்ப எழுதித் தா."

போன கிழமை அவவின் குசினிக்குப் போனேன்.
சீனிப் போத்தலில் சாய்ந்தபடி போன்.
அதற்குள் டொரொண்டோவின் ஒரு கூரைமூலை,
யாரோ கோப்பை கழுவும் சத்தம்.
இவ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.
அரைமணித்தியாலம் இருந்தேன்,
இரண்டு பக்கமும் ஒரு சொல் இல்லை.
"லைன் இருக்கோ அக்கா?"
"இருக்குத்தானே" என்றா,
அடுப்பு எரியுதோ என்று கேட்டதுபோலப் பார்த்து.

இப்போது நான் செத்தவீடுகளை நேரலையில் விடுகிறேன்.
இரண்டு கமரா, ஒரு றவுட்டர்,
கரன்ற் போனால் என்று ஒரு கார் பற்றரி.
நேற்றுக் கேதாரநாதனுடையது.
பார்ப்பவர்கள் நாற்பத்தொன்று.
"கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கோ, முகம் தெரியேல்லை"
என்று ஒரு வரி வந்தது, பேர் இல்லாமல்.
திருப்பினேன்.
வாய்க்கரிசி போடுகிறவர்களின் முதுகு மறைத்தது.
ஒரு பெரியவரைக் கையால் விலத்தினேன்,
அவர் முறைத்தார்.

பெட்டி படலை தாண்டியதும்
இலக்கம் இறங்கத் தொடங்கியது.
முப்பது. பன்னிரண்டு. நாலு.
மேளக்காரர் சைக்கிள் எடுத்தார்கள்.
கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கினார்கள்.
ஒரு நாய் பந்தலுக்குள் வந்து
பூவிதழ்களை மணந்து பார்த்துவிட்டுப் போனது.
பார்ப்பவர்: ஒன்று.

பேசிய நேரம் முடிந்துவிட்டது.
அந்த ஒன்று
என் பையில் கிடக்கும் மற்றப் போனாகவும் இருக்கலாம்,
சோதிக்கவென்று காலையில் திறந்தது.
பையைத் திறந்து பார்க்கவில்லை.
வெறும் முற்றத்தைக் காட்டியபடி
பற்றரி சிவக்கும்வரை நின்றேன்.

பில்லில் அதைப் போடவில்லை.
போடலாமோ என்று யோசித்தேன்,
அது வேறு.